பனியின் வயதைப் பார்த்து மெழுகு: கிளாசிக் ஸ்கீ பந்தயத்துக்கான கிரிப் வாக்ஸ் வழிகாட்டி

உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் பனையேறுகிறவர் காலில் மாட்டும் தளைநாரை நினைத்துக்கொள்ளுங்கள். மிதித்தால் மரத்தைக் கவ்வும். மிதியை எடுத்தால் விட்டுவிடும். கவ்வாவிட்டால் சறுக்கும், விடாவிட்டால் அடுத்த எட்டு வைக்க முடியாது. ஸ்கீ என்பது பனியில் வழுக்கி ஓடக் காலில் மாட்டும் நீண்ட பலகை. நேரான தடத்தில் ஒரு காலால் உதைத்து மறுகாலில் வழுக்கி ஓடுவது கிளாசிக் முறை. அந்த கிராஸ் கன்ட்ரி ஸ்கீயின் அடியில் பூசும் கிரிப் வாக்ஸின், அதாவது பிடிமெழுகின், வேலையும் இதேதான். காலை அழுத்தி உதைக்கும் கணத்தில் பனித் துகள்களின் முனைகள் மெழுகுக்குள் குத்தி நிற்க வேண்டும். எடை மறுகாலுக்கு மாறியதும் அந்த முனைகள் கழன்று, ஸ்கீ வழுக்கிக்கொண்டு முன்னே போக வேண்டும். மெழுகு அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் முனை உள்ளே போகாது. அளவுக்கு மீறி இளகியிருந்தால் உள்ளே போன முனை வெளியே வராது.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, கனடா என்று படிக்கவோ வேலைக்கோ போய், அங்கே பந்தயத்தில் பெயர் கொடுக்க நினைக்கும் நெல்லைச் சீமைக்காரர்களுக்காகவும், காஷ்மீரின் குல்மார்க் பனியில் ஓடப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். ஸ்கீயைச் சாய்த்துப் பக்கவாட்டில் தள்ளும் ஸ்கேட்டிங் முறையில் ஓடுகிறவர்களுக்குப் பிடிமெழுகு தேவையில்லை. அவர்கள் ஸ்கீயின் முழு நீளத்துக்கும் வழுக்கு மெழுகுதான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது. இங்கே பேசுவது வானத்திலிருந்து விழுந்து தரையில் கிடக்கும் வெண்பனியை. விழுந்த நிமிடத்திலிருந்தே அது மாறிக்கொண்டிருக்கும். அந்த மாற்றத்தைப் படிக்கத் தெரியாமல் டப்பாவின் நிறத்தை மட்டும் பார்த்து மெழுகு எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

டப்பாவைத் திறக்குமுன்: மெழுகுப் பகுதியை அளப்பது

கிளாசிக் ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பாகம் வில்போல எழும்பி நிற்கும். இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் பிரித்து நிற்கும்போது அந்த நடுப்பாகம் பனியைத் தொடக் கூடாது. ஒரே காலில் முழு எடையையும் இறக்கி உதைக்கும்போது மட்டும் தொட வேண்டும். அந்த இடத்தில்தான் பிடிமெழுகு. அதற்கு முன்னும் பின்னும் வழுக்கு மெழுகு. எல்லை தெரியாமல் பூசினால் உலகத்திலேயே சிறந்த மெழுகும் உதவாது.

இதை ஊரில் இருக்கும்போதே அளந்துவிடலாம், பனி தேவையில்லை. பாலிஷ் போட்ட மொசைக் தரையோ ஒரே கிரானைட் பலகையோ வேண்டும். டைல்ஸ் தரை ஆகாது, இணைப்புகளின் மேடு பள்ளம் கணக்கைக் கெடுத்துவிடும். ஸ்கீயின் அடியைச் சுத்தமாகத் துடைத்து, பூட்ஸ் மாட்டி, இரண்டு ஸ்கீயிலும் சமமாக நில்லுங்கள். உதவிக்கு ஒருவர் ஒரு தாளை நடுவே ஸ்கீக்கு அடியில் விட்டு முன்னும் பின்னும் இழுக்கட்டும். தாள் எங்கே மாட்டி நிற்கிறதோ அங்கே ஸ்கீயின் பக்கவாட்டில் மார்க்கரால் கோடு. பெரும்பாலும் பின் எல்லை குதிகாலை ஒட்டி வரும். முன் எல்லை கால் விரலிலிருந்து 25 முதல் 45 செ.மீ. வரை முன்னே போகும். ஆளின் எடையையும் ஸ்கீயின் விறைப்பையும் பொறுத்து இது மாறும்.

தாளைவிடத் துல்லியம் வேண்டுமானால் பைக் மெக்கானிக் இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் 0.2 மி.மீ. தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் வரும் பாகு போன்ற பிடிமெழுகான கிளிஸ்டருக்கு இன்னும் தடித்த தகட்டால் இன்னொரு அளவு எடுங்கள். கிளிஸ்டர் தடிப்பாக உட்காருவதால் அதன் எல்லை இரு பக்கமும் உள்ளே வரும், பல நேரம் முன்பக்கத்திலேயே 10 செ.மீ. குறையும்.

அடுத்த சோதனை இதைவிட முக்கியம். ஒரே ஸ்கீயில் நின்று, பாதத்தின் முன்பந்தில் முழு எடையையும் இறக்குங்கள். தாள் நகராமல் அழுந்தி நிற்க வேண்டும். அப்போதும் தாள் தாராளமாக ஓடினால் அந்த ஸ்கீ உங்களுக்கு விறைப்பு அதிகம். எந்த மெழுகு பூசினாலும் ஏற்றத்தில் வழுக்கும். இரண்டு காலில் சமமாக நிற்கும்போதே பாதத்துக்கு நேர் கீழே தாள் மாட்டிக்கொண்டால் ஸ்கீ தொய்வு. எந்த மெழுகும் இழுக்கும். இந்த இரண்டுக்கும் வைத்தியம் ஸ்கீயை மாற்றுவது ஒன்றுதான்.

பனியின் வயதைப் படிப்பது

ஆற்று மணலே கிடைக்காமல் எம்-சாண்டில் வீடு கட்டுகிற காலத்தில் இதை விளக்குவது எளிது. கல்லை உடைத்த எம்-சாண்டை உள்ளங்கையில் தேய்த்தால் கூர் குத்தும். காற்று உருட்டி உருட்டிச் சேர்த்த தேரி மணல் குத்தாது, விரலிடுக்கில் நழுவும். புதிதாக விழுந்த பனி முதல் வகை: கிளைகிளையாகக் கூர் முனைகள். அது மெழுகைச் சுலபமாகக் குத்தும், அதனால் கடின மெழுகே போதும். ஓரிரு நாள் கிடந்தாலோ, ஸ்கீக்களும் இயந்திரமும் ஏறி இறங்கினாலோ, கூர் மழுங்கும். அதே வெப்பநிலையிலும் ஒரு படி இளகிய மெழுகு வேண்டும். பகலில் உருகி இரவில் உறைந்த பனி சீனிக் கற்கண்டுபோல் உருண்டைத் துகள்களாகிவிடும். அங்கே குத்துவதற்கு முனையே இல்லை. கடின மெழுகை எத்தனை அடுக்கு போட்டாலும் வழுக்கும். ஒட்டிப் பிடிக்கும் கிளிஸ்டருக்குத்தான் போக வேண்டும். ஒருமுறை உருகி உறைந்த பனி, வெளியே மைனஸ் 10 இருந்தாலும் கிளிஸ்டர் பனிதான். வெப்பமானியை மட்டும் நம்புகிறவர் இங்கேதான் ஏமாறுவார்.

ஈரத்தைக் கையால் பார்க்கலாம். கையுறையோடு ஒரு பிடி அள்ளி, பிடிகொழுக்கட்டைக்கு மாவு பிடிப்பதுபோல் அழுத்துங்கள். பிடிபடாமல் உதிர்ந்தால் காய்ந்த பனி. உருண்டையாக நின்றால் பூஜ்யத்தை நெருங்கிவிட்டது. கையுறை நனைந்து தண்ணீர் கசிந்தால் ஈரப்பனி.

வெப்பமானியை நிழலில், பனி மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. உள்ளே செருகி, எண் நிலைக்கும்வரை வையுங்கள். காற்றின் வெப்பத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று பிளஸ் 4 ஆனாலும் பனி பூஜ்யத்துக்கு மேல் போகாது. கூடுகிற சூடெல்லாம் ஈரமாகத்தான் போகும். காற்றின் ஈரப்பதமும் கணக்கில் வரும். குற்றாலச் சாரலில் 28 டிகிரியும் பாளையங்கோட்டைக் கோடையில் 28 டிகிரியும் உடம்புக்கு ஒன்றா? பனிக்கும் அப்படித்தான். ஈரக்காற்று நாளில் ஒரு படி இளகிய மெழுகை முதலில் சோதியுங்கள். வறண்ட நாளில் ஒரு படி கடினமானதை.

இயந்திரத்தால் பொழிந்த பனி தனி ரகம். தண்ணீர்த் துளி உறைந்த கெட்டித் துகள்கள் அடர்ந்து கிடக்கும், மெழுகை உப்புத்தாள்போல் தேய்த்துத் தின்றுவிடும். இன்று குறும்பந்தயப் பாதைகளில் பெரும்பங்கு இதுதான். இங்கே எந்த நிறம் என்பதைவிட அடிப்பூச்சு எவ்வளவு உறுதி என்பதே கேள்வி.

நிறங்கள்

குளிரிலிருந்து சூட்டுக்கு வரிசை: வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, சிவப்பு. கடும் குளிரான மைனஸ் 12-க்குக் கீழே வெள்ளை. மைனஸ் 10-ஐ ஒட்டிப் பச்சை. அதற்கு மேலே நீலம். பூஜ்யத்தை ஒட்டி ஊதா. பூஜ்யத்திலும் சற்று மேலும் சிவப்பு. ஒரே ஒரு டப்பா மட்டும் வாங்க முடியும் என்றால் ஸ்விக்ஸ் கம்பெனியின் வி40 நீல எக்ஸ்ட்ரா வாங்குங்கள். புதுப்பனியில் மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை என்பது அதன் எல்லை. பந்தயக் காலத்தின் பெரும்பான்மை நாட்கள் அதற்குள் அடங்கும். இரண்டாவது டப்பாவாக ஒரு ஊதா.

ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொரு கம்பெனியின் நீலமும் ஒன்றல்ல. ஸ்விக்ஸ், ரோட, ஸ்டார்ட், ரெக்ஸ், வவுஹ்தி எல்லாமே தத்தம் கணக்கில்தான் நிறம் போடுகின்றன. டப்பாவில் அச்சிட்ட இரண்டு எண் வரிசையையும் படியுங்கள்: ஒன்று புதுப்பனிக்கு, மற்றது பழைய பனிக்கு. பல கம்பெனி மெழுகுகளை வாங்கிக் குவிப்பதைவிட ஒரே கம்பெனியின் நாலு டப்பாவைப் பல பனியில் பழகி வைத்திருப்பவர் காலையில் தடுமாற மாட்டார்.

2023-24 பருவத்திலிருந்து சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் போட்டிகளில் ஃப்ளோரின் கலந்த மெழுகுக்கு முழுத் தடை. ஸ்கீயின் அடியைக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். பழைய ஃப்ளோரின் மெழுகு தொட்ட கார்க் (மெழுகைத் தேய்த்துச் சமன் செய்யும் கட்டை), பிரஷ், இஸ்திரிப் பெட்டி எதையும் பந்தய ஸ்கீயில் வைக்காதீர்கள். யாராவது பழைய பெட்டியை விலை குறைத்துத் தந்தால் வாங்க வேண்டாம்.

கடின மெழுகு பூசும் முறை

குறித்த எல்லைக்குள் 100 நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்து அடியைச் சொரசொரப்பாக்குங்கள். பளபளப்பான அடியில் மெழுகு நிற்காது. எல்லையில் டேப் ஒட்டிக்கொண்டால் வழுக்குப் பகுதியைத் தொடாமல் தேய்க்கலாம். தூசியைத் துடையுங்கள்.

அடுத்து பைண்டர் என்கிற அடிமெழுகு. பிசுபிசுப்பு மிகுந்தது, தன் மேல் வரும் அடுக்குகளை இழுத்துப் பிடிப்பதே இதன் வேலை. ஒரே ஒரு மெல்லிய பூச்சு பூசி, 100 முதல் 110 டிகிரிக்குள் வைத்த ஸ்கீ இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஓட்டுங்கள். வீட்டில் துணி தேய்க்கும் பெட்டி வேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கும். ஸ்கீயின் அடி பாலிஎதிலீன், 130 டிகிரி வாக்கில் அதுவே உருகிவிடும். சூடு ஆறுமுன் கார்க்கால் சமன் செய்து, ஸ்கீயை வெளியே குளிரில் பத்து நிமிடம் வையுங்கள்.

பிறகு அன்றைய மெழுகு. கிரேயான் பென்சிலால் சுவரில் கிறுக்குவதுபோல் டப்பாவைத் திருப்பி மெலிசாகத் தேய்த்து, கார்க்கை முன்னும் பின்னும் வேகமாக ஓட்டி, அடுக்கு கண்ணாடிபோல் ஆகும்வரை சமன் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த அடுக்கு. தடிப்பாக ஒரே அடுக்குப் பூசி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு இரண்டு கஷ்டம் சேர்ந்து வரும்: மேடு பள்ளத்தில் பனி கட்டும், பாதி தூரத்தில் பாளமாகப் பெயர்ந்து போகும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுதான் ஒரு அடுக்கு.

10 கி.மீ. பந்தயத்துக்கு நாலைந்து அடுக்கு. 50 கி.மீ.க்கு எட்டுப் பத்து. ஸ்வீடனின் வாசலோப்பெட் 90 கி.மீ.; அதற்கு பைண்டர் இல்லாமல் போவது வீண். முதல் இரண்டு அடுக்கு குறித்த பகுதியின் முழு நீளத்துக்கும், அடுத்த இரண்டு இருபுறமும் 5 செ.மீ. குறைத்து, கடைசி அடுக்குகள் பாதத்துக்கு நேர் கீழே மட்டும் என்று தெப்பக்குளத்துப் படிக்கட்டுபோல் அடுக்குங்கள். உதையின் அழுத்தம் நடுவில்தான் உச்சம். தடிப்பும் அங்கேதான் வேண்டும்.

பூசி முடித்த ஸ்கீயைச் சூட்டோடு பனியில் இறக்காதீர்கள். சூடான மெழுகில் பனி உருகி, உடனே உறைந்து, நடுப்பகுதி முழுதும் பனிக்கட்டியாகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நிற்கட்டும்.

கிளிஸ்டர்: பாகு வேலை

கருப்பட்டி காய்ச்சத் தெரிந்த கைக்குக் கிளிஸ்டர் பயமுறுத்தாது. ட்யூபில் வரும் கெட்டிப்பாகு இது, குளிரில் இறுகும், சூட்டில் ஓடும். பதம் தப்பினால் கையெல்லாம் ஒட்டும். வெட்டவெளியில் பூச முயலாதீர்கள். அறைக்குள், ஸ்கீயும் ட்யூபும் கதகதப்பாக இருக்கும்போது பூசுங்கள்.

ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுப்பள்ளத்தின் இருபுறமும் மீன் முள்போல் சாய்ந்த சின்னச் சின்னக் கோடுகளாகப் பிதுக்குங்கள், இரண்டு செ.மீ.க்கு ஒன்று. சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இளக்கி, கட்டை விரலாலோ பிளாஸ்டிக் துடுப்பாலோ பைய இழுத்து விடுங்கள். பெயின்ட் பூசிய அளவு தடிப்பு போதும். நடுப்பள்ளத்துக்குள் போனதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கீ நேராகப் போகாது. குறுகிய கிளிஸ்டர் எல்லையை இங்கே மறக்கக் கூடாது.

உறைந்து கிடக்கும் ஐஸ் பாதைக்கு நீலக் கிளிஸ்டர். உறைபனி மெல்ல இளகத் தொடங்கும் காலைக்கு ஊதா. தண்ணீர் நிற்கும் பனிக்குச் சிவப்பு. எது வருமென்று தெரியாத நாளில் யூனிவர்சல். கரடுமுரடான ஐஸில் நீண்ட தூரம் என்றால் முதலில் பச்சை அல்லது நீல அடிக்கிளிஸ்டரை மெலிசாக இஸ்திரி போட்டு ஏற்றி, ஆறவிட்டு, அதன் மேல் அன்றைய கிளிஸ்டர். ஐஸின் மேல் விரல்கடைப் புதுப்பனி விழுந்திருந்தால் வெறும் கிளிஸ்டரில் அந்தப் புதுப்பனி அப்பிக்கொள்ளும். அப்போது மெல்லிய கிளிஸ்டரை வெளியே நன்றாக இறுகவிட்டு, அதன் மேல் கடின மெழுகு ஓரிரு அடுக்கு பூசுவார்கள். கார்க்கை அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தினால் இரண்டும் கலந்து எதற்கும் ஆகாத களியாகிவிடும்.

பூஜ்யமும் புதுப்பனியும் சேர்ந்தால்

எல்லோரும் அஞ்சுகிற நாள் இது. பனி விழுந்துகொண்டே இருக்கும், வெப்பமானி பூஜ்யத்தில் நிற்கும். நிழலில் காய்ந்த பனி, வெயிலில் ஈரம். சிவப்பு பூசினால் நிழலில் கட்டும், நீலம் பூசினால் வெயிலில் வழுக்கும். அனுபவப்பட்ட அணிகள் இந்த நாளில் மெழுகையே விட்டுவிடுவதுண்டு. நடுப்பகுதியை உப்புத்தாளால் சுரண்டி நுண்ணிய மயிர் எழுப்பிய ஸ்கீயில், பனி கட்டாமலிருக்கச் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து ஓடுவார்கள். மோஹேர் என்கிற ஆட்டுமயிர்ப் பட்டை ஒட்டிய ஸ்கின் ஸ்கீ இன்னொரு வழி; முதல் பந்தயம் ஓடுகிறவருக்கு இந்த நாளில் அதையே சொல்வோம். வேகத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நின்று பனியைச் சுரண்டுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பில்லை.

பாதை பெரும்பாலும் சமதளமாக இருந்தால், தோளும் வயிறும் பலமுள்ளவர்கள் பிடிமெழுகே இல்லாமல் இரண்டு ஊன்றுகோலையும் சேர்த்துத் தள்ளியே முடித்துவிடுகிறார்கள். வாசலோப்பெட்டின் முன்வரிசையில் இன்று இதுதான் வழக்கம். முதல் சீசனில் இதைப் பின்பற்ற வேண்டாம். அந்தப் பந்தயம் தொடங்கியதுமே வருவது ஒரு நீண்ட ஏற்றம்.

பந்தய நாள் காலை

இரண்டு மணி நேரம் முன்னதாகப் பாதைக்குப் போய்விடுங்கள். சோதனைக்கு ஒரு ஜோடி பழைய ஸ்கீ இருந்தால் நல்லது: இடது காலில் ஒரு மெழுகு, வலது காலில் இன்னொன்று. அரை கிலோமீட்டராவது ஓடி மெழுகு பனியின் குளிருக்கு இறங்கிய பிறகே தீர்ப்பு சொல்லுங்கள். சோதனை சமதளத்தில் வேண்டாம். பாதையின் நடுத்தரமான ஏற்றத்தில், நாலு பேர் ஏறி மெருகேறிய தடத்தில் சோதியுங்கள்; பந்தயத்தில் உங்களுக்குக் கிடைக்கப் போவது அந்தத் தடம்தான்.

கூட வரும் உதவியாளர் “எப்படிண்ணே இருக்கு?” என்றால் “பரவாயில்லை” என்று சொல்லாதீர்கள், அதை வைத்து அவர் எதையும் சரிசெய்ய முடியாது. மூன்றே சொல் போதும்: வழுக்குது (உதை பிடிக்கவில்லை), இழுக்குது (ஸ்கீ ஓடவில்லை), கட்டுது (அடியில் பனி அப்புகிறது).

வழுக்கினால் வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் அதே மெழுகில் இன்னும் ஓர் அடுக்கு. போதாவிட்டால் முன்பக்கம் 5 செ.மீ. நீட்டுங்கள். அதற்கும் வழுக்கினால் மட்டும் ஒரு படி இளகிய மெழுகு, பாதத்துக்குக் கீழே மட்டும். எடுத்த எடுப்பில் இளகிய மெழுகுக்குத் தாவினால் திரும்பும் வழி கடினம்: கடின மெழுகின் மேல் இளகியது சுலபமாக உட்காரும், இளகியதன் மேல் கடினமானது, அதைக் குளிரில் இறுகவிட்டாலொழிய, உட்காராது. அதனால்தான் எப்போதும் கடினத்திலிருந்து தொடங்குகிறோம். இழுத்தால் முன்பக்க எல்லையைக் குறையுங்கள், பிறகு அடுக்கைச் சுரண்டி மெலிசாக்குங்கள். கட்டினால் சுரண்டி எடுத்து, ஸ்கீயைக் குளிரவிட்டு, ஒரு படி கடினமான மெழுகை மேலே மெல்லிய மூடாக்காக ஒரு பூச்சு.

சாலையில் ஓடும் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில் மட்டும் பழகி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் சக்கரத்தில் பின்னோக்கி உருளாத ராட்செட் இருப்பதால் உதை தாமதமானாலும் பிடித்துக்கொள்ளும். பனியில் அந்தச் சலுகை கிடையாது. மெழுகு சரியாக இருந்தும் வழுக்கினால், கால்கள் ஒன்றையொன்று கடக்கும் அந்தக் கணத்தில் உதை தொடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதம் பின்னே போன பிறகு உதைத்தால் அழுத்தம் மெழுகுப் பகுதியில் இறங்கவே இறங்காது.

காலை 8 மணிக்குத் தொடங்கி மதியம்வரை நீளும் பந்தயத்தில் பனி சூடாகிக்கொண்டே போகும். குல்மார்க்கில் வெயில் உறைப்பதால் மாற்றம் இன்னும் வேகம். காலைப் பனிக்குச் சரியாகப் பூசி, ஒரு படி இளகிய மெழுகையும் சின்னக் கார்க்கையும் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நின்று பூச ஒரு நிமிடம் போதும். வழுக்கிக்கொண்டே ஏறினால் ஒரே ஏற்றத்தில் அதைவிட அதிகம் போகும், கையும் ஓய்ந்துவிடும்.

மெழுகை ஊரில் வைத்திருப்பது

திருநெல்வேலிக் கோடையில் அலமாரியில் வைத்த கிளிஸ்டர் ட்யூப் மூடி வழியாகக் கசியும், இளகிய சிவப்பு மெழுகு டப்பாவுக்குள்ளேயே உருக்குலையும். எல்லாவற்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, ட்யூபை மூடி மேலே இருக்கும்படி நிறுத்தி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காரின் டிக்கியில் ஒரு மதியம்கூட விடாதீர்கள்.

விமானத்தில் போகும்போது எரிவாயு டார்ச் சிலிண்டர், தீப்பிடிக்கும் ஸ்ப்ரே, மெழுகு கரைக்கும் திரவம் எதையும் கைப்பையிலோ பெட்டியிலோ வைக்க முடியாது. அவற்றைப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகு டப்பா, கார்க், உப்புத்தாள், சுரண்டி, வெப்பமானி இங்கிருந்தே போகலாம்.

திரும்பும்போது ஸ்கீயில் கிளிஸ்டரை விட்டுவைக்கக் கூடாது. குளிரில் கல்போல் இருந்தது சென்னையில் இறங்கும்போதே ஓடத் தொடங்கும், பையின் துணி, பூட்ஸ், வழுக்குப் பகுதி எல்லாம் பிசுக்கு. பந்தயம் முடிந்த அன்றே, குளிரில் அது இறுகி இருக்கும்போது பிளாஸ்டிக் சுரண்டியால் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுங்கள். மிச்சத்தின் மேல் டிஷ்யூ தாளை ஒட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டினால் தாள் உறிஞ்சிக்கொள்ளும். தாளோடு சேர்த்துச் சுரண்டுங்கள். கடைசியில் கரைதிரவம் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. மார்க்கர் கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள்.